குழுத் தலைவிகளுக்கு ஒரு திறந்த மடல்: "இந்த வாரம் டியூவுக்குக் குறையுது" என்று ஒருத்தி சொல்லும்போது

மதுரை மாவட்டத்தில் மகளிர் குழுக்களுக்கும் மைக்ரோ பைனான்ஸ் சென்டர்களுக்கும் தலைவிகளாக இருக்கும் அக்காமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும் வணக்கம்.

செல்லூர், வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் தெருக்களிலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் கடனில் மாட்டிக்கொண்ட பெண் முதலில் வாய் திறப்பது உங்களிடம்தான். வங்கி மேனேஜரிடம் போக அவளுக்குக் கூச்சம். வக்கீல் என்றால் பயம். வீட்டுக்காரரிடம் சொன்னால் சண்டை. அதனால் மீட்டிங் அன்று காலையில் உங்கள் வாசலில் வந்து நின்று, "அக்கா, இந்த வாரம் டியூவுக்குக் குறையுது" என்கிறாள்.

அந்த நேரத்தில் பெரும்பாலும் அவளுக்குக் கிடைக்கும் பதில், "வேற கம்பெனியில ஒண்ணு எடுத்து இதைக் கட்டிரு" என்பது. உதவ நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் மூன்று கடன் ஐந்தாகிறது. கடன் கணக்குப் பார்த்து வழி சொல்லும் வேலையில் இருக்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது இதுதான்: அவளை அடுத்த கடனுக்கு அனுப்புவதற்கு முன்னால், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களிடம் ஒரு முறை அனுப்புங்கள். எங்கே, எந்தக் காகிதத்தோடு, எதற்காக என்று கீழே விவரமாக எழுதுகிறோம்.

முதல் வேலை நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். யாரிடம் வாங்கியது, எந்தத் தேதி, கையில் வந்த தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, தவணை எவ்வளவு, எந்த நாள், இன்னும் எத்தனை தவணை பாக்கி, ஈடாக என்ன கொடுத்திருக்கிறாள், கூடக் கையெழுத்துப் போட்டது யார் என்று எழுத வேண்டும். பேப்பரில் எழுதிய தொகையை எழுதாமல் கையில் வந்த தொகையை எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பாதி உண்மை இருக்கிறது. எடுத்துவிட்ட சீட்டும் கடன்தான். அதற்கும் ஒரு பக்கம் உண்டு. அண்ணன் கொடுத்த கைமாற்று, கடைக்காரர் பாக்கி, பள்ளிக்கூட பீஸ் பாக்கி எல்லாம் ஏற வேண்டும். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவர்கள் குறைவு. மறைத்த கடன் பெரும்பாலும் வட்டி அதிகமுள்ள கடனாகத்தான் இருக்கும். அதனால் இரண்டாவது தடவையும் பொறுமையாகக் கேளுங்கள்.

வாரத் தவணையை மாதக் கணக்காக்கும்போது நாலால் பெருக்குவது எல்லாரும் செய்யும் தவறு. வருடத்துக்கு 52 வாரம். 600 ரூபாய் வாரத் தவணை மாதத்துக்கு 2,400 ஆகாது, 2,600 ஆகும். இப்படி இரண்டு கடன் இருந்தால் மாதம் 400 ரூபாய் எங்கே போகிறது என்றே தெரியாமல் போகும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை, மனைவி வீட்டில் அப்பளம் போடுகிறாள், இரண்டு பிள்ளைகள். இரண்டு பேர் வருமானமும் சேர்ந்து மாதம் 22,000. மைக்ரோ பைனான்ஸ் கடன் மூன்று: மாதத் தவணை 2,450, 2,100, 1,950, மொத்தம் 6,500. கடையில் தவணைக்கு எடுத்த பிரிட்ஜுக்கு 1,800. தண்டல் தினம் 100, மாதம் 3,000. தெரிந்தவரிடம் ஐந்து வட்டிக்கு வாங்கிய 20,000-க்கு மாத வட்டி 1,000. கூட்டினால் 12,300. மிச்சம் 9,700. வாடகை 4,500 போனால் 5,200. அதை முப்பது நாளுக்கு வகுத்தால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 173 ரூபாய். அரிசி ரேஷனில் வந்தாலும் கேஸ், கரண்ட், காய்கறி, பஸ், மருந்து எல்லாம் அந்த 173-க்குள் அடங்க வேண்டும். அடங்காது. ஒரு காய்ச்சல் வந்தாலோ ஒரு வாரம் மழை பெய்து வேலை நின்றாலோ டியூ குறையும். இது அவள் ஊதாரித்தனத்தால் வந்தது இல்லை. கணக்கே அப்படி அமைந்துவிட்டது. இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவமானத்தில் பாதி அந்த இடத்தில் இறங்கும்.

"இவ்வளவு இருக்கும்போது கம்பெனிக்காரர்கள் எப்படி மறுபடி கடன் கொடுக்கிறார்கள்?" என்று கேட்கலாம். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுப்பது மைக்ரோ பைனான்ஸ் கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் பாதி என்பது 11,000. ஆனால் தண்டலும் ஐந்து வட்டியும் எந்தக் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் (ஒருவர் பெயரில் உள்ள கடன்களின் பதிவு) ஏறாது. கம்பெனியின் திரையில் தெரிவது 6,500-ம் 1,800-ம்தான், மொத்தம் 8,300. ஆகவே இன்னும் 2,700 ரூபாய் தவணைக்கு இடம் இருக்கிறது என்று அது காட்டும். விண்ணப்பத்தில் வருமானத்தைக் கூட்டி எழுதிவிட்டால் இன்னும் அதிகமாகக் காட்டும். பாரம் நிரப்பும்போது பக்கத்தில் இருப்பவர் நீங்கள். உள்ள வருமானத்தையும் உள்ள கடனையும் எழுதச் சொல்லுங்கள். அந்த விதி அவளைக் காப்பாற்றுவதற்காகப் போட்டது. பொய்க் கணக்கு எழுதினால் அது வேலை செய்யாது.

"பழசை முடிச்சுட்டுப் புதுசு தர்றோம்" என்று வருவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18,000 பாக்கி இருக்கிறது, ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும். புதிதாக 50,000 எழுதுகிறார்கள். அதில் 18,000 பழைய கடனுக்குப் போகும். பிராசசிங் கட்டணமும் இன்சூரன்சும் பிடித்தது போக, கையில் 31,000-க்குக் கீழேதான் வரும். ஒன்பது மாதத்தில் விடுதலை ஆக வேண்டியவள் மறுபடி இருபத்து நாலு மாதம் மீட்டிங்கில் உட்காருவாள்.

அடுத்து, எந்தக் கடனை முதலில் முடிப்பது. யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுவதுதான் வழக்கம். வட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். தண்டலில் 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவார்கள். பார்க்க 1,500 ரூபாய் வட்டிதானே என்று தோன்றும். நாளுக்கு நாள் அசல் குறைவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம். "12 பர்சென்ட் பிளாட்" என்று, கட்டக் கட்டக் குறைக்காமல் முழு அசலுக்கும் வட்டி போடும் இரண்டு வருடக் கடன், குறையும் அசலில் பார்த்தால் 21 சதவீதத்துக்கு மேலே போகும்.

அப்படியானால் தண்டலைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இங்கேதான் விவரம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்கிறோம். தண்டலில் வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். நாற்பது நாள் கட்டிய பிறகு மிச்சம் 6,000-ஐ ஒரே நாளில் கொடுத்தாலும் ஒரு ரூபாய்கூட மிச்சம் ஆகாது. அதை நாள் கணக்கில் ஓட விட்டு முடித்துவிட்டு, மறுபடி தண்டல் வாங்காமல் இருப்பதுதான் ஆதாயம். ஐந்து வட்டி அப்படி இல்லை. இருபது மாதம் 1,000 கட்டினால் 20,000 போயிருக்கும், அசல் 20,000 அப்படியே நிற்கும். வீட்டில் ஒரு செயின் மிச்சம் இருந்தால், அதைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்து ஐந்து வட்டிக் கடனை அடைப்பது நல்லது. 10 சதவீத நகைக்கடன் என்றால் 20,000-க்கு மாத வட்டி சுமார் 167 ரூபாய். மாதம் 830 ரூபாய்க்கு மேல் மூச்சு விட இடம் கிடைக்கும். புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பது சரியாக வரும் இடம் அநேகமாக இது ஒன்றுதான். அதிலும் கவனம்: பணம் கொடுக்கும் அதே நேரத்தில் புரோ நோட்டு, வெற்று பாண்டு, கையெழுத்துப் போட்ட செக், அடகாகக் கொடுத்த ஏடிஎம் கார்டு எல்லாம் கைக்குத் திரும்ப வர வேண்டும். "நாளைக்குத் தர்றேன்" என்றால் பணத்தையும் நாளைக்கே கொடுக்கலாம். நகை வைத்த பணத்தை ஒரு வாரம் கையில் வைத்திருந்தால் அது டியூவுக்குக் கரைந்துவிடும். பிறகு நகையும் போய், வட்டிக் கடனும் நிற்கும்.

மைக்ரோ பைனான்ஸ் தவணையைக் குறைக்க எழுத்தில் கேட்க வேண்டும். வசூலுக்கு வரும் தம்பியிடம் அழுது சொல்வதால் ஒன்றும் நடக்காது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: "எனது கடன் எண் இது. மாதத் தவணை 2,450. இந்தத் தேதியிலிருந்து வீட்டில் வருமானம் இந்தக் காரணத்தால் குறைந்துவிட்டது. இப்போது மாதம் 1,200 ரூபாய் வரை தவறாமல் கட்ட முடியும். தவணைக் காலத்தை நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்து மூலம் பதில் தரவும்." கூடவே மருத்துவச் சீட்டு, வேலை நின்றதற்கான ஆதாரம் எது இருந்தாலும் நகல் வையுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கிளை முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போட மறுத்தால், சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கட்ட முடியும் என்று எழுதும் தொகை நிஜமாகவே கட்டக் கூடியதாக இருக்கட்டும். கௌரவத்துக்காக 2,000 என்று எழுதிவிட்டு இரண்டாம் மாதமே தவறினால் அதன் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். தவணை நீண்டால் மொத்த வட்டி கூடும் என்பதையும் அவள் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும்.

குடும்பத்தில் இறப்பு நேர்ந்திருந்தால் முதலில் லோன் கார்டை எடுத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். பல கடன்களில் கடன் வாங்கியவர் இறந்தாலும் அவர் கணவர் இறந்தாலும் பாக்கி அதில் அடையும். அதைக் கேட்காமல் பதினாறாம் நாள் முடிந்ததும் டியூ கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மனசு வலிக்கிற விஷயம் இது.

யாரிடம் போவது என்று சொல்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும், அங்குள்ள வங்கிகளின் வேலையை ஒருங்கிணைக்க ஒரு முன்னோடி வங்கி உண்டு. மதுரைக்குக் கனரா வங்கி. முன்னோடி வங்கி மேலாளரின் பொறுப்பில் நிதிசார் கல்வி மையம் இயங்குகிறது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. கடனை அவர்கள் அடைக்கமாட்டார்கள், புதுக் கடனும் தரமாட்டார்கள். எது நியாயமான வட்டி, எந்த வங்கியில் எதைக் கேட்கலாம் என்று சொல்வார்கள். நோட்டையும், எல்லா லோன் கார்டுகளையும், ஆறு மாத பாஸ்புக் பதிவையும், கிரெடிட் ரிப்போர்ட்டையும் கொண்டு போனால்தான் பேச்சு உருப்படியாக நடக்கும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நாலு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் போனிலேயே எடுத்துவிடும். எடுத்துப் பார்க்கும்போது, தான் வாங்காத கடன் ஒன்று தன் பெயரில் இருப்பது சிலருக்கு அங்கேதான் தெரியவரும். வேறொருத்திக்காக ஆதார் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது அது. இந்தப் பழக்கம் உங்கள் சென்டரில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

வழக்கு, நோட்டீஸ், மிரட்டல் என்று வந்துவிட்டால் இடம் வேறு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் நீதிமன்றங்களில் வட்டக் குழு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்கு தொடங்குவதற்கு முன்னாலேயே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச அவளே மனுக் கொடுக்கலாம். எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டால்தான் அங்கே முடியும். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் "சரி சரி" என்று தலையாட்டாமல், கட்டக் கூடிய தொகைக்கு மட்டும் சம்மதிக்க வேண்டும். செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள்தான் அவகாசம்.

வசூல் விஷயத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. மைக்ரோ பைனான்ஸ் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போன் செய்து நெருக்கக் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது, கட்டாதவர் பெயரை ஊருக்குத் தெரியப் போடுவது எல்லாம் ரிசர்வ் வங்கி தடுத்த செயல்கள். இரு தரப்பும் பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். அங்கே அவள் அடுத்தடுத்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வசூலுக்கு வீட்டுக்கு வரலாம். ஒருத்தி கட்டவில்லை என்பதற்காக மற்ற பெண்களை இருட்டும் வரை உட்கார வைப்பதும், எல்லாரையும் கூட்டிக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்பதும் உங்கள் கையால் நடக்கிற நெருக்கடி. தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள்.

மீறினால், தேதி, நேரம், வந்தவர் பெயர், சொன்ன வார்த்தை என்று நோட்டிலேயே எழுதி, லோன் கார்டில் உள்ள புகார் எண்ணுக்கும் கிளைக்கும் முதலில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். தவணையைக் குறைத்துக் கொடு என்று உத்தரவிடுவது அவர் வேலை இல்லை. விதி மீறிய வசூல், சொல்லாமல் பிடித்த கட்டணம், தப்பான கணக்கு இவற்றுக்குத்தான் அங்கே போக வேண்டும்.

கந்து வட்டிக்கு ரிசர்வ் வங்கி வராது, போலீஸ்தான். 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டமும் நிறைவேற்றியிருக்கிறது. புகாரில் "நிறைய வட்டி வாங்குகிறார்" என்று எழுதினால் நிற்காது. எந்தத் தேதியில் எவ்வளவு கையில் வந்தது, மாதா மாதம் எவ்வளவு கொடுத்தது, ஜிபே பதிவு, பேசிய ஆடியோ, ஈடாக வாங்கி வைத்திருக்கும் காகிதம் என்று எழுத வேண்டும். மனு ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வரக் கூடாது. ஸ்டேஷனில் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே விவரத்தோடு மனுக் கொடுக்கலாம்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றி எச்சரிக்கை. "உங்க கடனைப் பாதியா முடிச்சுத் தர்றோம்", "தள்ளுபடி சான்றிதழ் வாங்கித் தர்றோம்" என்று போனிலும் நோட்டீசிலும் வருகிறார்கள். இப்படிப்பட்ட தள்ளுபடி விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் அறிவித்தது. முன்பணம் கேட்பார்கள், டியூவைக் கம்பெனிக்குக் கட்டாமல் தங்களிடம் கட்டச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள். அவர்களிடம் கட்டிய மாதங்களில் வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கும். வங்கியோடு நேராகப் பேசிக் குறைந்த தொகைக்கு முடிப்பது நடக்கக் கூடியதுதான். அதற்கு முதலில் தொகையும் கடைசித் தேதியும் எழுதிய கடிதம் வங்கியிலிருந்து வர வேண்டும்; பணம் கடன் கணக்கில் மட்டும் கட்ட வேண்டும்; முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். ரிப்போர்ட்டில் முழுதாகக் கட்டியதாக வராமல் செட்டில்டு என்று ஏறும். பிறகு சில வருடம் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம்.

சிலர் "ஐ.பி. கொடுத்துடலாமா" என்று கேட்பார்கள். நம் ஊரில் ஐ.பி. என்றும் மஞ்சள் நோட்டீஸ் என்றும் சொல்வது 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டப்படி நீதிமன்றத்தில் போடும் மனு. சொத்து விவரம் முழுவதையும் நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். மனுப் போட்ட அன்றே கடன் போய்விடாது. குழுக் கடனுக்கும் தண்டலுக்கும் அநேகமாக அது தேவையே இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலைக் கேட்காமல் யாரும் அதில் இறங்க வேண்டாம்.

கடைசியாக, கணக்கை விட முக்கியமான ஒன்று. பேச்சோடு பேச்சாக "செத்துரலாம் போல இருக்கு" என்று அவள் சொன்னால், சும்மா சொல்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். 104 அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு நீங்களே போன் போட்டு அவள் கையில் கொடுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். அந்த வாரம் டியூவைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

அடுத்த மீட்டிங்கில், கையெழுத்து வாங்கி முடிந்ததும், கலெக்ஷன் ஆள் கிளம்பிய பிறகு ஒரு கால் மணி நேரம் எல்லாரையும் உட்கார வையுங்கள். 15100, 14448, 104, 14416 என்ற நாலு எண்களையும் ஒவ்வொருத்தியின் லோன் கார்டின் பின்பக்கத்திலும் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடன் ஆலோசனைப் பணியில் இருப்பவர்கள் சிலர்,
மதுரை.